முதல் வரைவையும் சேர்த்துக் கொடுக்கவும்

பத்மஜா டீச்சரும் நானும் முதன்முதலில் பேசிக்கொண்டதே சண்டையில்தான். நான் அப்போது தாவரவியல் துறையில் பதினாலு வருடம் முடித்திருந்தேன். புள்ளியியல் துறைக்காரி ஒருத்தி, ஒல்லி உருவம், தோளில் அரிசி வாங்கப் போகிற மாதிரி ஒரு துணிப்பை, நேராக என் மேஜைக்கு வந்து ஒரு படிவத்தை வைத்து, "சார், உங்க செடி பேப்பரை எழுத்துப் பாடமா மாத்தித் தரேளா?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"செடிக்கு எழுத்து எதுக்காக்கும்? நான் பாட்டனி நடத்துதேன் டீச்சரே, கட்டுரைப் போட்டி நடத்தல்ல" என்றேன்.

"பசங்க செடியைப் பார்க்காமலே ரெக்கார்டு நோட்டு எழுதறான்னு ஸ்டாஃப் ரூம்லே நீங்கதானே கத்தினேள்? பார்த்துட்டு எழுத வெக்கலாம். வாங்கோ."

கத்தியது நான்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மனதுக்குள் திட்டிக்கொண்டே போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திருவனந்தபுரத்தில் எங்கள் கல்லூரியில் பத்து வருடமாக நடக்கிற விஷயம் இது. ஒவ்வொரு துறையிலும் ஒரு பேப்பர் எழுத்துப் பாடம். ஒரு வகுப்பில் இருபது பேருக்கு மேல் கூடாது. பருவத்துக்கு மூன்று கட்டுரை, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எழுத வேண்டும். மலையாளம், தமிழ், இங்கிலீஷ் எதுவானாலும் சரி. முதல் வரைவுக்கு மார்க் கிடையாது. படிக்கிறவர் மார்ஜினில் பென்சிலால் கேள்வி மட்டும் கேட்கலாம். திருத்தக் கூடாது, "நன்று" போடக் கூடாது. இரண்டாவது வரைவைக் கொடுக்கும்போது முதல் வரைவையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் பத்மஜா டீச்சர் போட்ட சட்டம். வாத்தியாருக்கும் விலக்கு இல்லை. பாடம் நடத்துகிறவரும் ஒன்று எழுதி, மாணவர்களின் கேள்விக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

நான் தொட்டாற்சிணுங்கியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். "தொட்டதும் சுருங்கும் இலை சற்று நேரத்தில் விரியும்" என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு பெண் பென்சிலால் கேட்டிருந்தாள்: "சார், சற்று நேரம் என்றால் எத்தனை நிமிடம்? காத்திருந்து பார்த்தீர்களா?" பதினாலு வருடம் பாடம் நடத்தியவன் ஒரு நாள்கூடக் காத்திருந்து பார்த்ததில்லை! வரியையே எடுத்துவிட்டு இரண்டாவது வரைவைக் கொடுத்தேன். அன்று மத்தியானமே டீச்சர் அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"வரியைத் தூக்கிட்டா கேள்வி போயிடுமா, சுவாமிதாஸ்? எட்டாவது விதி என்ன?"

கேள்வி வந்த வரியை அடித்துவிட்டுத் தப்பிக்கக் கூடாது. பதில் எழுத வேண்டும். அதுதான் எட்டாவது விதி. மறுநாள் ஆய்வுக்கூடத்தின் பின்னால் வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது நிமிடம். என் உத்தியோகத்திலேயே நான் உருப்படியாகச் செலவழித்த ஒன்பது நிமிடம் அதுதான் என்று பிறகு டீச்சரிடம் சொல்லவும் செய்தேன். அவர் சிரித்துவிட்டு, "மழை நாள்லேயும் அதே ஒன்பதா?" என்று கேட்டார். அப்படி ஒரு பிறவி!

கரமனையில் இருந்து பஸ்ஸில் வருவார். அந்தப் பஸ்ஸில்தான் பாதித் தாள்களைப் படிப்பது. வாரத்துக்கு அறுபது தாள் இருக்கும். அவருடைய கணவர் பிச்சுமணி, தபால் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஒரு தடவை என்னிடம் புலம்பினார்: "மளிகை லிஸ்ட் எழுதிக் குடுத்தா அதுலேயும் பென்சிலால கேள்வி போடறா, சார். பெருங்காயம் போன வாரம்தானே வாங்கினோம்னு." புலம்பல் மாதிரிதான் சொன்னார், ஆனால் முகம் முழுக்கப் பெருமை.

டீச்சரிடம் சிவப்புப் பேனா கிடையாது. தேர்வுத் தாளுக்கும் பச்சைதான். "ஒரு சிவப்பு பேனா வாங்கித் தரட்டா? பாவம், பத்து ரூபாதானே" என்று நான் ஒரு தடவை சீண்டினேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவர் அன்று தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டார். எதற்கென்று எனக்கு அப்போது புரியவில்லை.

நாலு வருட டிகிரி வந்ததும் பாடத்திட்டம் மொத்தமும் மாறியது. எழுத்துப் பாடம் இனி தேவையா என்று அகடமிக் கவுன்சிலில் கேள்வி எழுந்தது. இருபது பேருக்கு ஒரு வாத்தியார் என்பது ஆடம்பரம் என்றார்கள் சிலர். கழக்கூட்டத்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கும் மஹேஷ், கவுன்சிலின் வெளி உறுப்பினர், "இப்ப மெஷினே எழுதித் தருது. பிள்ளைகளை ரண்டு தடவை எழுத வெச்சு எந்தா பிரயோஜனம்?" என்று நேரடியாகவே கேட்டார். டீச்சர் ஓர் அறிக்கை தர வேண்டும், அதைப் படித்துவிட்டு வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யலாம் என்று தீர்மானம் ஆனது.

அறிக்கை என்றதும் டீச்சரின் முகம் வெளிறியது. பத்து வருடமாக எங்கள் எல்லாரையும் எழுத வைத்தவர், தன் பங்கை ஒரு தடவையும் எழுதியதில்லை. கேட்டால், "நான் கோஆர்டினேட்டராச்சே, எனக்கேது நேரம்" என்பார். இப்போது தப்பிக்க வழியில்லை. மூன்று வாரம் கழித்து ஐந்து பக்கம் வந்தது. சட்டப்படி மூன்று பேரிடம் கொடுத்தார்: என்னிடம், ஆபீஸ் செக்‌ஷனில் இருக்கும் சுசீலாபாயிடம், மூன்றாம் பருவத்தில் படிக்கும் லிபியிடம். லிபி பொன்முடி எஸ்டேட்டில் இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண். வாயைத் திறந்து பேசவே மாட்டாள். பென்சிலைக் கையில் கொடுத்தால் மட்டும் யாரையும் விடமாட்டாள்.

அறிக்கை இங்கிலீஷில்தான். நான் தமிழில் சொல்கிறேன். நாலு பக்கம் சதவீதமும் அட்டவணையும். மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு பத்தி.

"பதினொரு வருடத்துக்கு முன் ஓர் இன்டர்னல் தேர்வில், கணக்கெடுப்பில் பிழை எப்படி வருகிறது, உதாரணத்துடன் விளக்குக என்று கேட்டிருந்தேன். பிரஜின் என்ற மாணவன் தன் வீட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தான். கதை அளக்கிறான் என்று நினைத்தேன். நாலு வரிக்கு மேல் படிக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, 'கேள்விக்குத் தொடர்பில்லை' என்று எழுதிப் பூஜ்யம் கொடுத்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் வரவில்லை. அதற்குப் பிறகு கல்லூரிக்கே வரவில்லை. விடுமுறையில் அலமாரியைச் சுத்தம் செய்தபோதுதான் முழுவதும் படித்தேன். அந்த வகுப்பிலேயே சரியான பதில் அது ஒன்றுதான். இந்தத் திட்டத்தை நான் தொடங்கியது அதனால்தான்."

படித்துவிட்டு நான் மார்ஜினில் ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தெம்பில்லை. லிபி எழுதியிருந்தாள்: "மிஸ், அவர் இப்போ எங்கே? நீங்க தேடிப் போனீங்களா?"

இரண்டாவது வரைவு வந்தபோது அந்தப் பத்தியே இல்லை. நான் கவனித்தேன். கவனித்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கவுன்சில்காரர்களுக்குக் கண்ணீர்க் கதை பிடிக்காது, அட்டவணை போதும், திட்டம் பிழைத்தால் சரி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எட்டாவது விதி என்று ஒன்று இருப்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

இப்போது சுசீலாபாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து வருடமாக எழுத்துப் பாடத் தாள்களை வாங்கிவைக்கிறவர் அவர்தான். "முதல் வரைவையும் சேர்த்துக் கொடுக்கவும்" என்று மூன்று மொழியில் எழுதி ஜன்னலில் ஒட்டியிருக்கிறார். ஒற்றைத் தாளை நீட்டினால் தொடக்கூட மாட்டார். ஒரு தடவை பிரின்சிபலின் ஆண்டுவிழா உரையைப் பிரதி எடுக்கக் கொடுத்தபோது, "பஸ்ட் டிராஃப்ட் எங்க சாரே?" என்று கேட்டவர். டீச்சர் அறிக்கை வைத்த பைலைக் கொடுத்து பதினாலு பிரதி எடுக்கச் சொன்னார். பைலில் இரண்டு வரைவும் இருந்தன. சுசீலாபாய் இரண்டையும் பதினாலு பதினாலாகப் பிரதி எடுத்து, பத்து வருடப் பழக்கப்படி சேர்த்துப் பின் அடித்து, கவுன்சில் மேஜையில் அடுக்கிவிட்டார்.

துறைத் தலைவர் என்ற முறையில் நானும் கவுன்சிலில் இருந்தேன். ஆறாவது பக்கத்தைப் புரட்டினேன். சதவீதத்துக்குப் பின்னால் பென்சில் கேள்விகளோடு முதல் வரைவு. எதிரே டீச்சர் உட்கார்ந்திருந்தார், தன் பிரதியைத் திறக்காமல். அறையில் தாள் புரளும் சத்தம் மட்டும். ஒவ்வொருவராக முதல் வரைவின் மூன்றாம் பக்கத்துப் பத்திக்கு வந்து அங்கேயே நிற்பது எனக்குத் தெரிந்தது.

மஹேஷ்தான் பேசினார். "டீச்சர், ஒரு சம்சயம். பஸ்ட் டிராஃப்ட்ல ஒரு கொஸ்டின் இருக்கு, தேடிப் போனீங்களான்னு. செகண்ட் டிராஃப்ட்ல பாராவையே காணல்ல. உங்க ரூல் எட்டு என்ன சொல்லுது?"

டீச்சர் அப்போதுதான் பிரதியைத் திறந்தார். "கேள்வி வந்த வரியை அடிச்சுட்டுத் தப்பிக்கக் கூடாது" என்றார்.

"அப்போ இது செகண்ட் டிராஃப்ட் ஆகல்ல, இல்லே?"

மனுஷன் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். பிரின்சிபல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கூட்டத்துக்குள் அறிக்கை முழுமையாக வர வேண்டும், வராவிட்டால் அடுத்த வருடப் பட்டியலில் எழுத்துப் பாடம் இருக்காது என்று முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் நான் சுசீலாபாயிடம் பாய்ந்தேன். "உங்களுக்கு மூளை இருக்கா? எதுக்காக்கும் ரண்டையும் சேர்த்து அடிச்சீங்க?"

"பின்ன? பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், டீச்சருக்கு வேற நியாயமா?" என்று சீறினார் சுசீலாபாய். சீறும்போதே கண் நிறைந்துவிட்டது.

"அவளைத் திட்டாதேங்கோ" என்றார் டீச்சர். "அவ பண்ணதுதான் சரி. தப்பு என்னுது." வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பயமா இருந்தது, சுவாமிதாஸ். தேடிண்டு போய், அவன் நன்னா இல்லேன்னு தெரிஞ்சா நான் என்ன பண்ணுவேன்? பதினோரு வருஷமா அதே பயம். எத்தனை குழந்தைகள்கிட்டே கேட்டிருக்கேன், ஏன் பதில் எழுதலேன்னு. என்னால முடியலியே."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். "அட்ரஸ் எடுக்கச் சொல்லுவோம்" என்றேன்.

பழைய அட்மிஷன் ரிஜிஸ்டரில் இருந்து சுசீலாபாய் முகவரியை எடுத்துத் தந்தார். வெள்ளறடை. எங்கள் ஊர்ப் பக்கம்தான், எனக்குப் பாறசாலை. என் பெரியப்பா மகன் நேசமணிக்கு ஒரு போன் போட்டேன். பதினொரு வருடமாக டீச்சர் செய்யப் பயந்ததை நேசமணி ஒரு டீ குடிக்கிற நேரத்தில் செய்துவிட்டான். "நம்ம போட்டோஸ்டாட் கடை பிரஜினா? ஜங்ஷன்லதான் இருக்கான்" என்றான்.

சனிக்கிழமை காலையில் நெய்யாற்றின்கரை வழியாக பஸ்ஸில் போனோம். டீச்சர் மடியில் துணிப்பையைக் கட்டிக்கொண்டு, ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் என்னவோ எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். அவனிடம் சொல்ல வேண்டிய வாக்கியமாம். "இதுக்குமா டிராஃப்ட்?" என்றேன். மறுபடி ஒரு வரியை அடித்தார்.

கடை சின்னது. ஒரு போட்டோஸ்டாட் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், கண்ணாடிப் பெட்டியில் பேனா, கவர், ஸ்டாம்ப் சைஸ் போட்டோக்கள். முப்பது வயதிருக்கும் ஒருவன் லாமினேஷன் போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன், "பத்மஜா மிஸ்ஸா! இங்க எப்படி?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். நன்றாக இருந்தான். கன்னம் கொழுத்து, கையில் கல்யாண மோதிரம். அதைப் பார்த்ததுமே டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

துண்டுத் தாளில் எழுதியது ஒன்றும் வாயில் வரவில்லை. "நீ எழுதின ஒரு பதிலை நான் படிக்காம அடிச்சுட்டேன், பிரஜின்" என்றார்.

"எந்த பதில் மிஸ்?"

அவனுக்கு ஞாபகமே இல்லை! இவர் பதினொரு வருடம் சுமந்தது அவனிடம் இல்லவே இல்லை. டீச்சர் பையில் இருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, உள்ளே இருந்த தாளை நீட்டினார். அவன் நின்றுகொண்டே படித்தான்.

அந்தத் தாளில் இருந்தது இதுதான். அவனுடைய அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். வாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. மகன் விடியுமுன் எழுந்து பால் வெட்டிவிட்டு, இரண்டு பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருகிறான். அப்பா தோட்டத்து ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் ஒவ்வொரு மரமாக வெட்ட வெட்டச் சத்தமாக எண்ணுகிறார். மகன் கணக்கில் இருநூற்றுப் பதினொன்று. அப்பா கணக்கில் தினமும் இருநூற்றுப் பன்னிரண்டு. நாலு நாள் மகன் மரங்களை மறுபடி மறுபடி எண்ணுகிறான். ஐந்தாம் நாள்தான் புரிகிறது: போன வருடக் காற்றில் விழுந்த ஒரு மரத்தையும் அப்பா சேர்த்து எண்ணுகிறார். விழுந்தது அவருக்குத் தெரியும். அதை விட்டுவிட மனசில்லை. கடைசி வரி: "ஆகவே கணக்கெடுப்பில் பிழை தெரியாமையால் மட்டும் வருவதில்லை."

ஆதார் பிரதி எடுக்க ஒருவர் வந்து நின்றார். "கொஞ்சம் நில்லுங்க சேட்டா" என்றான் பிரஜின், தாளில் இருந்து கண்ணை எடுக்காமல். பிறகு முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டான்.

"அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு மிஸ். மரங்களையும் முறிச்சாச்சு. இத நான் மறந்தே போயிட்டேன். அந்த மரத்த எண்ணினது... எப்படி மறந்தேன்?"

"நான் அதை அடிச்சதாலேதான் நீ படிப்பை விட்டியா?" டீச்சர் கேட்டேவிட்டார்.

"ஐயோ, இல்ல மிஸ். மார்க் வாறதுக்கு முன்னேயே நின்னுட்டேன். அப்பாவுக்குத் தீரே முடியாம, படுக்கையிலயே ஆச்சு."

"ஆனாலும் நான் படிச்சிருக்கணும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஆமா மிஸ். படிச்சிருக்கணும்" என்றான். கோபமில்லாமல் சொன்னான், ஆனால் சொன்னான். எனக்கு அந்தப் பையனை அப்போதுதான் ரொம்பப் பிடித்தது.

பிறகு கேட்டான்: "எங்க கிளாஸ்ல மத்தவங்க பேப்பர் எல்லாம் எங்க மிஸ்?"

"அவா அவா வாங்கிண்டு போயிட்டா. மிச்சமெல்லாம் எடைக்குப் போயிருக்கும்."

"அப்போ நீங்க நல்ல மார்க் போட்டிருந்தா இதும் போயிருக்கும். நானே எங்கயாவது தொலைச்சிருப்பேன். சிவப்புக் கோடு போட்டதினாலதானே இத்தன வருஷம் வெச்சிருந்தீங்க?" தாளை மெஷினில் வைத்துப் பிரதி எடுத்தான். "அசல் எனக்கு வேணும் மிஸ். உங்களுக்கு இது போதுமா?"

"போதும், போதும்" என்றார் டீச்சர். ஆதார்க்காரர் என்ன நடக்கிறதென்று புரியாமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் அந்தப் பிரதியை மடியில் விரித்தார். போட்டோஸ்டாட்டில் எல்லாம் கறுப்பு. அவன் எழுத்தும் கறுப்பு, இவர் கோடும் கறுப்பு. கரமனை வரும்வரை அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

அறிக்கையை மறுபடி எழுதினார். அந்தப் பத்தி திரும்ப வந்தது. அதன் கீழே லிபியின் கேள்விக்கு நாலு வரிப் பதில்: பதினொரு வருடம் போகவில்லை, காரணம் பயம், இந்த மாதம் போனேன், அவர் நலமாக இருக்கிறார், அவர் சம்மதத்துடன் அவருடைய பதிலை இணைத்திருக்கிறேன். சுசீலாபாய் எல்லாவற்றையும் சேர்த்துப் பின் அடித்தார், இந்தத் தடவை டீச்சரைக் கேட்டுக்கொண்டே. இருபத்தெட்டாம் தேதி கவுன்சில் மூன்று வருடத்துக்கு அனுமதி தந்தது. வகுப்புக்கு இருபது பேர்தான். லிபி கேண்டீனில் எனக்குப் பழம்பொரி வாங்கித் தந்தாள். எனக்கெதற்கு என்று கேட்டேன், "சும்மா சார்" என்றாள்.

கூட்டம் முடிந்து பிரதிகளைச் சேகரித்தபோது, மஹேஷின் பிரதியில் மார்ஜினில் பென்சிலால் ஒரு கேள்வி இருந்தது. மெஷின் எழுதித் தரும் என்ற அதே மனிதர். "விழுந்த மரம் எண்ணிக்கையில் எத்தனையாவது?"

எட்டாவது விதி இருக்கிறதே, விடுவாரா டீச்சர்? அங்கேயே பிரஜினுக்குப் போன் போட்டு அதையே கேட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் சுசீலாபாயும் கேட்டோம். கொஞ்ச நேரம் மறுபக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. அது நின்றது.

"எண்பத்தி மூணு, மிஸ்" என்றான் பிரஜின். "எண்பத்தி மூணு சொல்லும்போ மட்டும் அப்பா சத்தம் கொஞ்சம் தாழும். காரியம் தெரிஞ்ச பிறகு நான் அந்நேரம் கத்தியோட சும்மா நிப்பேன், அவரு எண்பத்தி நாலு சொல்லுற வரை."

டீச்சர் பென்சிலை எடுத்து, கேள்விக்குக் கீழே 83 என்று எழுதினார்.